மூன்றில் ஒரு பங்கு தண்ணீர்

எங்கள் அப்பாவுக்கு ஞாபகமறதி உண்டு என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு விடாமல் வகுப்பில் நாலு பேரிடம் சொல்லியும் வைத்தேன். அவரோ போடியிலிருந்து மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப் டிரைவர். போடிமெட்டுச் சாலையில் எந்த வளைவில் குழி, எந்த வளைவில் கல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஜீப்பில் ஏறும் பெண்களில் யார் எந்த எஸ்டேட்டில் இறங்குவார்கள், எந்தத் தூக்குவாளி யாருடையது என்பதுவரை அத்துப்படி. அப்படிப்பட்ட மனிதருக்கு என் ராக்கெட் விஷயத்தில் மட்டும் ஒரே ஒரு சின்னக் கணக்கு தலையில் ஏறவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கிருந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. ஆண்டு முடிவில் அறிவியல் கண்காட்சி வைக்கப் போவதாகச் சொல்லி, டீச்சர் ஆளுக்கொரு ஜெராக்ஸ் தாள் கொடுத்தார். பக்கத்தில் இருந்தவளுக்கு எரிமலை வந்தது. அவளுக்குப் பின்னால் இருந்தவளுக்கு மழைமானி. எனக்கு ராக்கெட். எரிமலைக்காரி மாற்றிக்கொள்வோமா என்று கெஞ்சிப் பார்த்தாள். நான் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

வெடிமருந்து, தீப்பெட்டி எதுவும் தேவைப்படாத ராக்கெட் அது. காலி குளிர்பான பாட்டில்தான் உடம்பு. பாட்டிலின் அடிப்பாகத்தில் ஒரு கூம்பு ஒட்டினால் அது தலை. வாய்ப்பக்கம் அட்டையில் வெட்டிய மூன்று இறக்கைகள். உள்ளே மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, வாயை ரப்பர் தக்கையால் இறுக்கி அடைத்து, தலை மேலே இருக்கும்படி நிறுத்த வேண்டும். தக்கையில் செருகிய சைக்கிள் டியூப் வால்வு வழியாகக் காற்றடிக்க வேண்டும். காற்று உள்ளே முட்டி முட்டி, ஒரு நிலையில் தக்கை பிடுங்கிக்கொள்ளும். தண்ணீர் கீழே பீச்சியடிக்கும், பாட்டில் மேலே போகும். படத்தில் எல்லாம் அம்புக்குறி போட்டு லட்சணமாகக் காட்டியிருந்தது. பார்த்தபோது ஒரு சாயங்கால வேலை மாதிரித்தான் தெரிந்தது.

ஆனால் வீட்டில் அந்த ஒரு சாயங்காலம் யாரிடமும் இல்லை. அப்பா விடியுமுன் ஜீப்பை எடுத்தால், அம்மாவும் அதே ஜீப்பில் காய் எடுக்கப் போய்விடுவாள். இருவரும் திரும்பும்போது அம்மாவுக்கு இடுப்பு நிமிராது, அப்பாவுக்குக் கண் திறக்காது. நான் தாளை நீட்டினால் 'நாளைக்குப் பாப்போம் தாயி' என்பார்கள். அந்த நாளைக்கு வரவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அத்தை வந்து சேர்ந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணமாகிக் கம்பம் பக்கம் போனவள். ஒருநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, கையில் ஒரு பையோடு பூட்டிய வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பண்டிகையும் இல்லை, விசேஷமும் இல்லை, மாமாவும் கூட வரவில்லை. எனக்கு அதிலெல்லாம் அக்கறை கிடையாது. பூட்டைக்கூடத் திறக்காமல் ஜெராக்ஸ் தாளைத்தான் முதலில் காட்டினேன். அவள் அதை வாங்கி, நின்ற இடத்திலேயே மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, ரப்பர் தக்கை எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். அந்த நிமிஷமே அவள் எனக்குச் சொந்தமாகிவிட்டாள்.

அப்பா அன்று இரவு அவளிடம் என்ன கேட்டாரோ, 'அங்க சரிப்படலண்ணே' என்பதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. அப்பா கெட்டவரில்லை. அலைந்து திரிந்து அந்த இடத்தைப் பார்த்துக் கட்டிக்கொடுத்தவர் அவர்தான். அதனால் சரிப்படாமல் போக என்ன இருக்கிறது என்பது அவருக்குப் பிடிபடவில்லை. புருஷன் பொண்டாட்டி என்றால் நாலும் இருக்கும், நாலு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அத்தைக்குப் பாய் எடுத்துப் போட்டாள்.

சில நாளில் மாமாவின் அண்ணன் இன்னும் இரண்டு பெரியவர்களோடு சமாதானம் பேச வந்தார். அவரைப் பெரிய மாமா என்று கூப்பிடுவேன். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, நடக்கும்போது சலசலக்கும். பேச்செல்லாம் மரியாதையாகத்தான் இருந்தது. பொண்ணை எப்போது அனுப்புகிறீர்கள் என்று கேட்டார். அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை கதவுப் பக்கம் நின்றவள், என் தலையில் கையை வைத்தாள்.

"பிள்ளைக்கு ராக்கெட்டு செஞ்சு தர்றேன்னு வாக்குக் குடுத்துட்டேன். அது பறந்தவுடனே வர்றேன்."

பெரிய மாமா சிரித்துவிட்டார். பள்ளிக்கூடச் சோலி, போனால் ஒரு வாரம் என்று நினைத்திருப்பார். அப்பாவுக்கு நிம்மதி. பறந்ததும் நானே ஜீப்பில் கொண்டுவந்து விடுகிறேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். வண்டியோட்டுகிறவர்களுக்குச் சொன்ன சொல் பெரிது. நாலு மணிக்கு வருகிறேன் என்றால் நாலு மணிக்கு நிற்க வேண்டும். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் ராக்கெட்டுக்காகப் பெரியவர்கள் கூடிப் பேசி முடிவெடுக்கிறார்கள் என்றால் சும்மாவா?

முதல் ராக்கெட்டை வெரசாகவே செய்து முடித்தோம். தக்கையும் வால்வும் பஞ்சர் கடையில் கிடைத்தன. இறக்கைக்கு ஏலக்காய் வரும் அட்டைப்பெட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் மைதானத்துக்கு எடுத்துப் போனோம். மதுரை ரயில் நின்றுபோய், அகலப்பாதை போடுவதற்காகத் தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டிருந்த காலம் அது. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ரயில் வராமல் இருந்ததில் ஒரு வருத்தமும் கிடையாது.

அப்பா ஜீப்புக்குக் காற்றடிக்கும் கால் பம்ப்பைக் கொண்டு வந்திருந்தார். தண்ணீரையும் நானே கொண்டாறேன் என்று பாட்டிலை வாங்கிப் போய்க் கழுத்துவரை ரொப்பிக்கொண்டு வந்தார். இதென்னண்ணே என்று அத்தை கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எங்கள் வீட்டில் இன்றைக்கும் புழங்குகிறது.

"மலை ஏறுற வண்டிக்குத் தண்ணி கொறையக் கூடாது."

ரேடியேட்டர் நினைப்பு. மெட்டு ஏறுமுன் அதை விளிம்புவரை நிரப்பி மூடுவதுதான் அவர் நாள்தோறும் செய்யும் முதல் காரியம். பம்ப்பை நாலு மிதி மிதித்தார். தக்கை பிடுங்கியது. ராக்கெட் ஒரு தவளை தாவும் உயரம் தாவி, பக்கவாட்டில் சாய்ந்து, இருந்த தண்ணீரையெல்லாம் அப்பாவின் காலிலேயே கொட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது. அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்தபிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பிறகு அப்பாவுக்கு விளக்கினாள்: தூக்குவது தண்ணீர் இல்லை, உள்ளே நெருக்கி அடைத்த காற்று. பாட்டில் முழுக்கத் தண்ணீர் இருந்தால் காற்றுக்கு நிற்க இடமேது? மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீர். அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் 'மூணுல ஒரு பங்கு, மூணுல ஒரு பங்கு' என்று பஸ் நம்பர் மாதிரிச் சொல்லிக்கொண்டே வந்தார். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

விழுந்ததில் ஒரு இறக்கை ஒடிந்திருந்தது. ஒட்டினால் மறுநாளே பறக்கும் என்று நான் நினைத்தேன். அங்கேதான் அத்தையின் இன்னொரு குணம் தெரிந்தது. ஒரு இறக்கைக்காக மூன்றையும் பிடுங்கினாள். நூல் வைத்து அளந்து திரும்ப ஒட்டினாள். காய்ந்த பிறகு பார்த்தால் ஒன்று கோணல் என்றாள். எனக்கு நேராகத்தான் தெரிந்தது. மறுபடி பிடுங்கினாள். அப்புறம் கூம்பு சரியில்லை. அப்புறம் பசை சரியில்லை, மழை ஈரத்தில் பிடிக்காது என்றாள். அப்புறம் தக்கை. அப்புறம் காற்றுக்காலம், மெட்டிலிருந்து இறங்குகிற காற்றில் விட்டால் பாட்டில் தேனிக்குத்தான் போகும் என்றாள். எரிமலைக்காரி எரிமலையை முடித்து வர்ணமும் அடித்துவிட்டாள். எனக்கு அழுகை முட்டியது. அம்மா மட்டும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, இந்த ராக்கெட்டு தை மாசம் தாண்டியும் முடியாதுபோல என்பாள். அதில் கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. ஒருநாள் காய்ந்த பசைக்குப் பதிலாகப் புதுப்பசை காய்ச்சிக் கொடுத்தவளே அவள்தான்.

ஒட்டுகிற நேரத்தில் நான் அத்தையின் மடியோடு ஒட்டிக்கொண்டுதான் உட்கார்வேன். அவளிடம் ஒரு விசித்திரமான சட்டம் இருந்தது. அவளுடைய வலதுபக்கம்தான் உட்கார வேண்டும். இடதுபக்கம் உட்கார்ந்தால் 'இந்தாண்ட வாடி' என்று இழுத்து மாற்றி உட்காரவைப்பாள். சாப்பிட உட்கார்ந்தாலும் இடதுபக்கம் சுவர் இருக்கிற மாதிரிப் பார்த்துக்கொள்வாள். சில பேர் வலதுகால் வைத்துத்தான் படியேறுவார்களே, அது மாதிரி ஒரு சாங்கியம் என்று நானும் வகுப்பில் எல்லாரையும் என் வலதுபக்கத்தில் உட்காரச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு நாளைக்கு மேல் முடியவில்லை.

கம்பத்திலிருந்து போன் மேல் போன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாமாவையும் கூட்டிக்கொண்டு வருகிறோம், பறந்தாலும் சரி பறக்காவிட்டாலும் சரி என்று பெரிய மாமா கொஞ்சம் கறாராகச் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. ஒரு பாட்டில் விஷயத்தில் சொன்ன சொல் இத்தனை நாள் நிற்கிறதே என்று அத்தையிடம் சத்தம் போட்டார். நாளைக்குச் சனிக்கிழமை, பிள்ளைக்கும் லீவு, மலைக்கு வந்து விட்டுவிடு, அங்கே ஸ்டோருக்கு முன்னால் நல்ல வெட்டவெளி இருக்கிறது என்றார். ஸ்டோர் என்பது எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்தும் கட்டடம். அன்று ஒட்டிய இறக்கையை அத்தை பிடுங்கவில்லை. அவ்வளவு அழகாக ஒரு இறக்கை ஒட்டி நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை.

சனிக்கிழமை ஜீப்பில் பெண்களோடு பெண்களாக நெருக்கி உட்கார்ந்து மலையேறினோம். ராக்கெட் என் மடியில். வளைவுக்கு வளைவு யாராவது ஒருத்தி அதைத் தொட்டுப் பார்த்து, இதில் நம்மளை ஏற்றிக்கொண்டுபோய் எஸ்டேட்டில் இறக்கினால் நல்லாயிருக்குமே என்று கேலி பேசினாள். அத்தையும் சிரித்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பெண்கள் காட்டைவிட்டு வெளியே வந்ததும் ஸ்டோருக்கு முன்னால் கூடினார்கள். ஏலக்காய் செடியின் தூரில், தரையோடு தரையாகக் காய்க்கும். பகலெல்லாம் குனிந்து மண்ணையே பார்க்கிறவர்கள் அவர்கள். அன்று வட்டமாக நின்று இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார்கள். அத்தை தண்ணீர் ஊற்றினாள். மூன்றில் ஒரு பங்கு, ஒரு சொட்டு கூடவில்லை, குறையவில்லை. தக்கையை இறுக்கினாள். அப்பா பம்ப்பை மிதித்தார். அத்தை அன்று நினைத்திருந்தால் ஏதாவது ஒன்றைத் தப்பாகச் செய்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று வெகுநாள் கழித்துக் கேட்டேன். அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

"அன்னைக்கு அது பறக்கணும்னு எனக்கே ஆசையா இருந்துச்சுடி."

பறந்தது. எப்படிச் சொல்வது? தக்கை பிடுங்கின சத்தம்தான் கேட்டது, பாட்டிலைக் காணோம். தலையைத் தூக்கினால் ஸ்டோரின் புகைபோக்கியைத் தாண்டி, சில்வர் ஓக் மரங்களைத் தாண்டி, வெள்ளையாக ஒரு தண்ணீர்க் கோடு. அப்புறம் அதுவும் இல்லை. மலையிலிருந்து நழுவி வந்த மஞ்சுக்குள் நுழைந்துவிட்டது. பெண்கள் குலவையிட்டார்கள். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டாள், எனக்குத் தூக்குகிற வயசே இல்லை. அத்தை நடுவெளியில் நின்றபடி அண்ணாந்து, ராக்கெட் மறைந்த இடத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அது வேறொரு பக்கமாக மஞ்சைவிட்டு வெளியே வந்து, தலைகுப்புற நேராக அவளைப் பார்த்து இறங்கியது. பம்ப்போடு அவளுக்கு இடப்புறம் நின்ற அப்பாதான் முதலில் கண்டார். "பாப்பா, வெலகு!" என்று கத்தினார். தங்கையை அவர் அந்த வயதிலும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். இரண்டு தடவை, மூன்று தடவை கத்தினார். தூரத்தில் அம்மாவோடு நின்ற எனக்கே காது அடைத்தது. அத்தை சிரித்த முகம் மாறாமல் மேலே பார்த்துக்கொண்டே நின்றாள். அப்பா பாய்ந்துபோய் அவளை இழுத்தார். அவள் நின்ற இடத்தில் பாட்டில் விழுந்து துள்ளியது.

கூப்பிட்டது கேட்கவில்லையா என்று அப்பா கேட்டார். காற்றில் கேட்கவில்லை என்றாள். எனக்குக் கேட்டதே, காற்றே இல்லையே என்று நான் ஓடிப்போய்ச் சொன்னேன். சாட்சி சொல்வதில் எனக்கு எப்போதும் ஆர்வம் அதிகம். அப்பா அத்தையை ஒருமாதிரியாகப் பார்த்தார். பிறகு அவள் குனிந்து பாட்டிலை எடுக்கும்போது, அவளுடைய இடதுபக்கம் போய் நின்று, மெதுவாகப் பாப்பா என்றார். அவள் திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். அப்புறம் சுற்றிக்கொண்டு வலதுபக்கம் வந்து அதே குரலில் கூப்பிட்டார். என்னண்ணே என்று நிமிர்ந்தாள். எனக்கு அது ஏதோ விளையாட்டு மாதிரி இருந்தது.

அப்பா தன் கையைத் தூக்கி அவளுடைய இடது காதுப் பக்கம் கொண்டுபோனார். தொடவில்லை. அதற்குள் அத்தை கண்ணை இறுக மூடித் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"அடிச்சானா?"

"விடுண்ணே. பிள்ளை நிக்குது."

அவ்வளவுதான் பேசினார்கள். அம்மா என்னை ராக்கெட் எங்கேயாவது ஓட்டையாகியிருக்கிறதா பார் என்று அந்தப் பக்கம் கூட்டிப் போய்விட்டாள். ஓட்டையாகவில்லை. இறக்கைகூட ஒடியவில்லை.

சாயங்காலம் ஜீப் இறங்கும்போது அப்பா பாட்டு போடவில்லை. பாதி வழியில், ஊற்றுத் தண்ணீர் விழும் வளைவில் வண்டியை ஓரங்கட்டினார். இறங்குகிற வண்டிக்கு எதற்குத் தண்ணீர் என்று எனக்குப் புரியவில்லை. அவர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் ஊற்றடியில் குனிந்து முகத்தைக் கழுவினார். கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். பெண்களுக்கெல்லாம் வீட்டில் உலை வைக்கிற நேரம். இருந்தும் ஒருத்தியும் அவரை அவசரப்படுத்தவில்லை. நான்தான் வெரசா வாங்கப்பா என்று கத்தினேன்.

மறுநாள் காரில் வந்தார்கள். மாமாவும் வந்திருந்தார். எனக்கு மாமாவைப் பிடிக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். தலையில் எண்ணெய் மினுங்க, சட்டைப் பையில் எப்போதும் எனக்கு ஒரு மிட்டாயோடு வருவார். அன்று பெரிய ஸ்வீட் டப்பாவே கொண்டுவந்தார். நான் அதை வாங்கிய கையோடு, ராக்கெட் பறந்துவிட்டது, மஞ்சுக்குள்ளேயே போய்விட்டது என்று அறிவித்தேன்.

அப்புறமென்ன, கிளம்ப வேண்டியதுதானே என்றார் பெரிய மாமா.

"பறக்கல," என்றார் அப்பா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொந்த அப்பா, பம்ப்பை மிதித்த அப்பா, தன் கண்ணால் பார்த்தவர் இப்படிச் சொல்கிறாரே! பறந்தது, அம்மாவைக் கேளுங்கள் என்று கூவினேன். அம்மா டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். அத்தையைப் பார்த்தேன். அவள் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எகிறியது, விழுந்தது, அதைப் பறந்ததாகக் கணக்கு வைக்க முடியாது, பிள்ளைக்கு எல்லாம் பறந்த மாதிரித்தான் தெரியும் என்று அப்பா நிதானமாகச் சொன்னார். பெரிய மாமா விடவில்லை. எதற்கு வம்பு, இப்போதே விட்டுக் காட்டட்டும், எல்லாரும் பார்ப்போம் என்று எழுந்தார். நான் ராக்கெட்டை எடுத்துக்கொண்டு அவர்களுக்கு முன்னால் ஓடினேன். பொய் சொன்னவர்களை மானம் கெட வைக்க அதைவிட நல்ல வாய்ப்பு ஏது?

ரயில் மைதானத்தில் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். அத்தை பாட்டிலை வாங்கக் கையை நீட்டினாள். நன்றாகச் செய்து வைத்த ராக்கெட். மூன்றில் ஒரு பங்கு ஊற்றினால் அது பறக்கும். பறந்தால் அன்றைக்கே மாமாவோடு காரில் ஏற வேண்டும். அப்பா அவளை முந்திக்கொண்டு பாட்டிலை வாங்கினார். கொண்டா, நான் பிடிச்சுட்டு வர்றேன் என்று தெருக்குழாய்க்குப் போனார். திரும்பி வரும்போது பாட்டில் கழுத்துவரை தளும்பிக்கொண்டிருந்தது.

நான் பதறிப்போனேன். மூணுல ஒரு பங்குப்பா, மூணுல ஒரு பங்கு என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அத்தையைப் பார்த்தார், அவளுடைய வலதுபக்கமாக நகர்ந்து நின்று, அவளுக்கு நன்றாகக் கேட்கும்படி சொன்னார்.

"மலை ஏறுற வண்டிக்குத் தண்ணி கொறையக் கூடாது."

அத்தை சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். அப்பா தக்கையை அடைத்தார், நிறுத்தினார், மிதித்தார். ராக்கெட் அதே தவளைத் தாவல் தாவி, எட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற பெரிய மாமாவின் கஞ்சி போட்ட வேட்டியில் முழுத் தண்ணீரையும் இறக்கிவிட்டுச் சாய்ந்தது. வேட்டி தொடையோடு ஒட்டிக்கொண்டது. என்ன மாப்ளே, விளையாட்டா என்று பெரிய மாமா அப்பாவைப் பார்த்துக் கத்தினார்.

அப்பா குரலை உயர்த்தவே இல்லை. "பறந்ததும் அனுப்புறேன்னு சொன்னேன். பறக்கல. நான் என்ன செய்ய?"

மாமா ஏதோ சொல்ல அத்தையின் பக்கம் வேகமாக வந்தார். அதற்குள் அப்பா நகர்ந்து அவளுடைய இடதுபக்கம் போய் நின்றுகொண்டார். அங்கே கிடந்த பம்ப்பை எடுக்கத்தான் போனார் என்று நினைத்தேன். ஆனால் பம்ப்பை எடுக்கவில்லை, சும்மா நின்றார். பெரிய மாமா அப்பாவின் முகத்தையும் தம்பியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வேட்டியைப் பிழிந்து விட்டுக்கொண்டு, வாடா போவோம் என்று தம்பியை அழைத்தார்.

அதற்கு அப்புறமும் ஆள் வந்தது, போன் வந்தது. ராக்கெட்டு இன்னும் பறக்கலையே என்பார் அப்பா. அத்தை ஊருக்குள் ஒரு ஏலக்காய் கிட்டங்கியில் காய் தரம் பிரிக்கிற வேலைக்குப் போனாள், அங்கேயே மேற்பார்வைக்கும் வந்தாள். கண்காட்சியில் என் ராக்கெட் பள்ளிக்கூடக் கொடிமரத்தைத் தாண்டிப் பறந்தது. எரிமலைக்காரி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அது பறந்த சங்கதியை யாரும் கம்பத்துக்குச் சொல்லி அனுப்பவில்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்கு உலகமே இருண்டு கிடந்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பாவை நிற்க வைத்துக் கேள்வி கேட்டேன். எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம்? அவ்வளவு பேர் முன்னால் என் மானத்தை வாங்கிவிட்டீர்களே? அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மறந்துபோச்சு தாயி என்றார். திருப்பிச் சொல்லுங்கள் என்றேன். மூணுல ஒரு பங்கு என்றார். இன்னொரு தடவை என்றேன். இன்னொரு தடவையும் சொன்னார். அவருடைய கண் கலங்கியிருந்தது. திட்டியது உறைத்திருக்கிறது, இனிமேல் மறக்க மாட்டார் என்று விட்டுவிட்டேன்.

அத்தை பின்வாசலில் துவைக்கிற கல்லின் மேல் ராக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியது. கிட்டே போய்ப் பார்த்தால் கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. அன்று அவள் சுவர் எதையும் தேடி உட்காரவில்லை. வலதுபக்கம் ஈரத்துணி வாளி இருந்ததால் நான் இடதுபக்கம் ஏறி உட்கார்ந்தேன். பாவம், இத்தனை நாள் பிடுங்கிப் பிடுங்கி ஒட்டிய ராக்கெட்டை அப்பா இப்படிக் கெடுத்துவிட்டாரே என்று அழுகிறாள். அவளைக் கட்டிக்கொண்டு, அந்தக் காதுக்குள் ரகசியமாகச் சொன்னேன்.

"அழாத அத்த. அடுத்த தடவ நானே தண்ணி ஊத்துறேன்."

அவள் பதில் சொல்லவில்லை. அப்பாமேல் கோபம் இன்னும் போகவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.